குடிக்காத நைனாவுக்குக் கட்டிய கயிறு

என் நைனா வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லப் போகிறேன். முப்பது வருஷமாக இதை ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போது எங்கள் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. நைனா தி. நகர், மயிலாப்பூர் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போவார். காலையில் கிளம்பும்போது ஒழுங்காகத்தான் நடப்பார். சாயங்காலம் திரும்பும்போது பார்க்க வேண்டுமே! முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார். பாதம் தரையில் டப், டப் என்று அறையும். நேராக வந்துகொண்டே இருப்பவர் திடீரென்று பக்கத்தில் சாய்ந்து யார் வீட்டுச் சுவரையாவது பிடித்துக்கொள்வார். பல நாள் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருக்கும். இன்னொன்று எங்கே என்று கேட்டால் குனிந்து பார்த்து அவரே ஆச்சரியப்படுவார். "அடடே, எங்க கழண்டுச்சின்னே தெரியலயே" என்பார்.

செருப்பு கழன்றது தெரியாமல் ஒரு மனுஷன் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்தால் தெரு என்ன நினைக்கும்? தெரு நினைத்ததைத்தான் அம்மாவும் நினைத்தாள். அம்மாவைப் பெற்றவர் குடித்தே செத்தவர். தள்ளாடுகிற ஆம்பளை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். தினமும் நைனாவின் சட்டையை மோந்து பார்ப்பாள். ஒன்றும் வராது. அதற்காக விடுவாளா? "வாசன வராத சரக்கா பாத்து குடிச்சிக்கினு வர்றியா?" என்று கேட்பாள். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் நைனாவுக்கு உண்டு. வாசனையை மறைக்கத்தான் பாக்கு என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. நைனாவைப் பெற்ற தாத்தாவும் இதே மாதிரிதான் நடப்பாராம். ஆகவே பரம்பரைக் குடிகாரக் குடும்பம் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. தாத்தா உண்மையிலேயே குடித்தும் இருக்கலாம், அதற்கு நான் சாட்சி இல்லை.

ஒரு முகூர்த்த நாளில் தி. நகர் மண்டபம் ஒன்றில் ரச வாளியோடு நைனா கால் தடுக்கி விழுந்தார். ரசம் முழுக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரின் பட்டு வேட்டியில். சமையல் கான்ட்ராக்டர் ஓடி வந்து, பந்தி மொத்தமும் பார்க்க, "வாயத் தொற. ஊது" என்றாராம். நைனா ஊதினார். பாக்கு வாசனைதான் வந்தது. "பாக்குப் போட்டு என்னையே ஏமாத்துறியா?" என்று அங்கேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நைனாவுக்குப் பந்தியில் இடமே கிடைக்கவில்லை. சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கப் போனார்.

அந்த வாரம்தான் அம்மா அவரைக் கயிறு கட்டக் கூட்டிக்கொண்டு போனாள். தாம்பரம் தாண்டி ஒரு அம்மன் கோயில். குடியை விட நினைப்பவர்கள் அங்கே போய் சாமி முன்னால் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்ட பிறகு குடித்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். எனக்கு அப்போது பத்து வயது, நானும் போனேன். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். பூசாரி ஒவ்வொருவரிடமும், "எத்தினி நாளைக்கு? ஒரு மாசமா, ஒரு மண்டலமா?" என்று கேட்டார். ஒருத்தர் "பொங்கல் வரைக்கும்" என்று பேரம் பேசினார்.

நைனாவின் முறை வந்தது. "ஆயுசுக்கும் கட்டுப்பா" என்று கையை நீட்டினார்.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சி சொல்லுப்பா. ஆயுசுன்னா ஆயுசு."

"கட்டுன்றேன்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். நான் கேட்டேன், "குடிக்கிறதே இல்லன்னு சொல்வியே நைனா. அப்புறம் ஏன் கட்டிக்கின?" அவர் மஞ்சள் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிக்காதவனுக்குக் கட்டிக்கிறதுல இன்னா கஷ்டம்? உங்கம்மா பாரு, எவ்ளோ நிம்மதியா தூங்கறா."

நிம்மதி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கயிறு கட்டியும் கால் தள்ளாடியது. சொல்லப்போனால் முன்னைவிட மோசமாகத் தள்ளாடியது. அப்புறமென்ன? அம்மனையே ஏமாற்றிக் குடிக்கிறான், அதனால்தான் அம்மன் காலை வாங்குகிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். கட்டாமல் இருந்தால் குடிகாரன், கட்டினால் சத்தியம் தவறிய குடிகாரன். இதிலிருந்து ஒரு மனுஷன் எப்படி வெளியே வருவது, சொல்லுங்கள்!

வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா கயிற்றைப் புதுப்பிக்கக் கூட்டிப் போவாள். நைனாவும் வாய் திறக்காமல் போய் வருவார். இடையில் அரசாங்கம் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்து, எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் போட்டது. அங்கே படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறும் நைனாவைப் பார்த்துப் புதுத் தெருவும் பழைய முடிவுக்கே வந்தது.

என் கல்யாணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் பெண் தன் அப்பா அம்மாவுக்குப் பாத பூஜை செய்வாள். பெரிய தட்டில் அவர்கள் காலை வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப் போட வேண்டும். "குடிச்சிட்டு மேடையில வுழுந்துட்டாருன்னா மானம் போய்டும்" என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, சொன்னார். அம்மா சரி என்றாள். தட்டில் மாமாவும் அத்தையும் கால் வைத்தார்கள். நான் மாமாவின் காலைக் கழுவினேன். நைனா கை கழுவும் தொட்டிப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேடை ஏறாததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

கல்யாணமாகி மந்தைவெளியில் குடித்தனம். தி. நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவையை விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கும் செருப்பு கழல ஆரம்பித்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன, கணுக்கால் அடிக்கடி பிரண்டது. நின்று நின்று வந்த கோளாறு என்று தைலம் தேய்த்தேன். ஒரு நாள் காலை, கடை திறந்த அரை மணி நேரத்தில், புடவைப் பெட்டிகளோடு மாடிப்படியில் உருண்டேன். மேலே நின்ற சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா?"

என்னையா? என்னைப் பார்த்தா? டீயைத் தவிர எதையும் தொடாத என்னைப் பார்த்தா? உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு ரச வாளி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு லீவு சொல்லிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நரம்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளங்கால் வில் மாதிரி வளைந்து நடுவில் தரையே படவில்லை. குதிகாலால் நடங்க என்றார், முடியவில்லை. முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவில்லை. அப்புறம் காலிலும் கையிலும் ஒயரை ஒட்டிச் சுருக் சுருக்கென்று ஷாக் வைத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். விநாடிக்கு ஐம்பது மீட்டர் போக வேண்டியது இருபதைத் தாண்டவில்லை.

"வீட்டுல வேற யாராவது இப்படி நடக்கிறாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க நைனா நடப்பாரு டாக்டர். ஆனா அது குடி."

"தினமும் குடிப்பாரா?"

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். பாட்டிலைப் பார்த்திருக்கிறேனா? இல்லை. வாசனை? இல்லை. கத்தியிருக்கிறாரா, அம்மாவை அடித்திருக்கிறாரா, சம்பளத்தைத் தொலைத்திருக்கிறாரா? ஒரு நாள்கூட இல்லை. பத்து வயதிலிருந்து தேடிப் பார்த்தும் அவர் குடித்ததற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அவருடைய நடை. இப்போது என்னுடையதும் அதே நடை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். டாக்டரம்மா, "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நைனா லேசில் வரவில்லை. "இன்னொரு எடத்துல வேற போய் ஊதணுமா? வேணாம் வுடும்மா" என்றார்.

"ஊத வேணாம் நைனா. ரத்தம்தான் எடுப்பாங்க."

"ரத்தத்துல தெரிஞ்சிடுமா?"

"இன்னாது?"

"நான் குடிக்கலன்றது."

சட்டையை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கொண்டுவரும் முன்பே முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையில் மஞ்சள் கயிறு.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துக் கால்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதே வளைவு, அதே மடங்கிய விரல், அதே சூம்பிய கெண்டைக்கால். அவர் ஒரு தாளில் வரைந்து விளக்கினார். நரம்பு ஒரு ஒயர். அதன்மேல் மயலின் என்று ஒரு உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தால்தான் சேதி வேகமாகப் போகும். கை கால் நரம்புகளில் அந்த உறையைச் சுற்றுவதற்கென்றே செல்கள் இருக்கின்றன. எப்போது சுற்ற ஆரம்பிப்பது, எத்தனை சுற்று, எதை எவ்வளவு சேர்ப்பது என்று அந்தச் செல்லுக்கு உத்தரவு போடுவது ஜீன்கள். அதில் ஒரு ஜீன் உறைக்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்கிறது. எல்லாருக்கும் அந்த ஜீன் இரண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. "உங்க ரெண்டு பேருக்கும் மூணு இருக்கும்னு நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் தெரிஞ்சிடும்" என்றார்.

"கூட இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்றேன் நான்.

நைனா அவசரமாகத் தலையாட்டினார். "இல்லம்மா. சமையக்கட்டுல ரெண்டு பேரு தனித்தனியா உப்பு போட்டுட்டா சாம்பார் இன்னாவும்? அதான் இது. உப்பு நல்லதுதான், ஆனா வாயில வெக்க முடியுமா?"

டாக்டரம்மா கைதட்டாத குறை. அதேதான் என்றார். அந்தப் புரதம் அளவுக்கு மேல் சேர்ந்தால் உறை சரியாகச் சுற்றிக்கொள்வதில்லை. சுற்றியது உரியும், செல் மறுபடி சுற்றப் பார்க்கும், மறுபடி உரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் வெங்காயத்தை நறுக்கி வைத்த மாதிரி இருக்குமாம். நரம்பிலேயே நீளமானது பாதம் வரை போவது, அதனால் அடி முதலில் அங்கே விழுகிறது. பாதம் தூக்காது, செருப்பு கழல்வது தெரியாது. நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் இன்னும் மோசமாகும்.

"சாயங்காலமா?" என்று நைனா திருப்பிக் கேட்டார். "சாயங்காலமாதான் ஜாஸ்தி ஆவும்னு புஸ்தகத்துல போட்டுக்கீதா?" டாக்டரம்மா ஆமாம் என்றார். நைனா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

குணப்படுத்த மருந்து இன்னும் இல்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டு ஷூ மாட்டினால் தடுக்காமல் நடக்கலாம், உயிருக்கு ஆபத்து இல்லை, பிள்ளைகளுக்குப் போக ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. இருவருக்கும் மூன்று. அது இங்கிலீஷில் இருந்ததால் நான் டாக்டரம்மாவிடம் கெஞ்சி, ஒரு சீட்டில் தமிழில் எழுதி முத்திரை போட்டு வாங்கினேன். 'இவருடைய நடைத் தள்ளாட்டம் பரம்பரை நரம்புக் கோளாறால் வந்தது, மதுவால் அல்ல.' நைனா அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்தார்.

அம்மா கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெளிய சொல்லாத" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"இன்னும் ரெண்டு மாசத்துல சின்னவளுக்குக் கல்யாணம். குடிகாரன் பொண்ணுன்னா கட்டிக்கினு போவானுங்க. பரம்பரை வியாதின்னா எவன் கட்டுவான்? உங்க மாமாவே மேடையில நிக்கட்டும். யாரும் வாயத் தொறக்காதீங்க."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு டிவியை நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் செய்யாத தப்புக்குத் தண்டனை போதாதா, இப்போது தெரிந்தும் குடிகாரனாகவே இருக்க வேண்டுமா என்று கத்தினேன். நைனாதான் என்னை அடக்கினார். "வுடும்மா. முப்பது வருசம் இருந்துட்டேன். இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன். சின்னவ நல்லா இருக்கட்டும்."

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான என் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் மாலை மாப்பிள்ளையை மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னாள். வேளச்சேரியில் ஏசி மெக்கானிக் அவர். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, எனக்கும் இருக்கலாம், நமக்குப் பிறப்பதற்கும் வரலாம் என்றும் சொன்னாளாம். அன்று இரண்டு ரயிலை மாப்பிள்ளை விட்டுவிட்டாராம்.

"உசுருக்கு எதுனா ஆவுமா?" என்று கடைசியில் கேட்டாராம்.

"ஆவாது. காலு கொஞ்சம் டப்பு டப்புன்னு அடிக்கும்."

"எங்கப்பா நெசமாவே குடிப்பாரு. அதுக்கு டெஸ்டே வேணாம், தெருவுக்கே தெரியும். அத நீ பாத்துக்கிறேன்னு சொன்ன. இத நான் பாத்துக்க மாட்டனா?"

தங்கை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து அப்படியே அடுப்பில் ஏற்றினாள். மறுநாள் தனியாக மாமா வீட்டுக்குப் போய், "மேடையில அவுருதான் நிப்பாரு, நீ கீழ ஒக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தங்கைக்கும் நரம்பு வேகம் பார்த்தோம், ஐம்பது இருந்தது, அவளுக்கு இந்தக் கோளாறு இல்லை. ஆனால் அது தெரிவதற்கு முன்பே பத்திரிகை அடித்தாகிவிட்டது.

கல்யாணத்தன்று காலை மயிலாப்பூர் மண்டபத்து அறையில் அம்மா கத்தரிக்கோலோடு நைனாவின் முன் வந்து நின்றாள். "கையக் காட்டு."

நைனா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம்மே. எடுத்துட்டா, திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டான்னு சொல்வானுங்க."

சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீட்டுய்யா" என்று அம்மா அவர் கையைப் பிடித்து நறுக்கென்று வெட்டினாள். கயிறு இருந்த இடம் வெளுத்து வளையமாகத் தெரிந்தது.

மேடைக்கு ஷூ போட்டு ஏறக்கூடாது. நைனா ஷூவையும் கணுக்கால் பட்டையையும் கழற்றினார், நானும் என்னுடையதைக் கழற்றினேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு டப், டப் என்று இருவரும் படி ஏறினோம். தட்டில் நைனாவும் அம்மாவும் கால் வைத்தார்கள். வளைந்த, விரல் மடங்கிய அந்தக் காலை ஊரே அன்றுதான் முதல் தடவை பார்த்தது. முன்வரிசையில் ஒரு சொந்தக்காரர், "காலையிலயே போட்டுக்கினாரு போலருக்கு" என்று சிரித்தார்.

அம்மா தட்டிலிருந்து இறங்கினாள். மேளம்கூட நின்றுவிட்டது.

"யார்றா அது? இது குடிச்ச காலு இல்ல, பொறவியிலயே இப்டி. எங்க வூட்டுக்காரரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. டாக்டர் எழுதிக் குட்த்த சீட்டு கீது, வந்து படி. இவுர மொதமொதல்ல குடிகாரன்னு சொன்னவ நான்தான். இன்னிக்கு நானே சொல்றேன், தப்பு என்னுது!"

சொல்லிவிட்டு, தங்கையின் கையிலிருந்த சொம்பை வாங்கி முதல் தண்ணீரை அவளே அவர் காலில் ஊற்றினாள். அப்புறம் தங்கை ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீயும் வா. உன் கல்யாணத்துல வுட்டது" என்றாள். நான் மண்டி போட்டு இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். நைனா நேராகச் சபையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊத்திட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் காலுக்குத் தண்ணீர் பட்டது தெரியவில்லை.

"ஊத்திட்டேன் நைனா. குனிஞ்சி பாரு."

குனிந்து பார்த்தார். முகம் எல்லாம் சிரிப்பு.

முதல் பந்தியில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கூட்டிப் போக நான் எழுவதற்குள் மாப்பிள்ளையின் அப்பா வந்து, "சம்பந்தி, என் கையப் புடிச்சிக்கோங்க" என்றார். நைனா டப், டப் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த மண்டபத்தில் அன்று காலையிலேயே குடித்திருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா ஒருவர்தான். அவர் நேராக நடந்தார்.